குடலில் குடியிருப்போர்

பச்சிளங் குழந்தைக்குத் தாய்ப்பாலைப் போன்ற உணவு வேறில்லை என்பதை நாம் யாவரும் அறிவோம். அப்பாலில் என்னென்ன பொருள்கள் அடங்கியுள்ளன என்று வேதியியலார் பகுத்துப் பார்த்தபோது விந்தையான செய்தி ஒன்று வெளிப்பட்டது. பாலில் உள்ள திடப்பொருள்களில் முதலிடம் பெறுவது பாற்சர்க்கரை, அடுத்தது கொழுப்பு. இவ்விரண்டும் குழந்தைக்கு ஆற்றலைத் தருபவை. மூன்றாம் இடத்தைப் பெறுவது ஒருவகைத் தொடர் சர்க்கரை. சர்க்கரை மூலக்கூறுகள் சில, ஒன்றோடொன்று சங்கிலி போலக் கோக்கப்பட்டு உருவானது அது. அச்சங்கிலியை அறுக்கவல்ல நொதி எதுவும் குழந்தையின் குடலில் சுரப்பதில்லை. ஆகவே, குழந்தை அருந்தும் பாலில் உள்ள இப்பொருளின் பெரும்பகுதி செரிக்காமலே சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைந்துவிடுகிறது.

தாயின் உடல் தன் சத்தைச் செலவிட்டு, தன் மகவுக்குச் செரிக்காத ஒரு பொருளை இத்துணை மிகுதியாக ஏன் ஆக்க வேண்டும்? இயற்கை இங்கே வீண் செலவு செய்கிறதா? இல்லை. அப்பொருளை உண்பதற்குப் பெருங்குடலில் வேறு சிலர் காத்திருக்கின்றனர். தாய் ஊட்டுவது ஒரு வாயில்தான், உண்பவரோ பலர். அந்தப் பலரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்துவந்த ஹென்றி டிஸ்ஸியே என்னும் மருத்துவர், 1900-ஆம் ஆண்டை ஒட்டி, தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். கவட்டை போல நுனி பிளவுபட்ட ஒருவகை நுண்ணுயிர்கள் அதில் நிறைந்திருக்கக் கண்டார். பிபிடோபாக்டீரியா என்பது அவற்றிற்கு இன்று வழங்கும் பெயர். குழந்தையால் அறுக்க முடியாத அந்தச் சர்க்கரைச் சங்கிலியை அறுத்து உண்ணும் நொதிகள் இவ்வினத்துள் சிலவற்றிடம் உண்டு. அவை அதனை உண்டு பெருகி, அமிலங்களை வெளியிடுகின்றன. அவ்வமிலம் மிகுந்த இடத்தில் நோய் விளைக்கும் கிருமிகள் பல தழைக்க இயலாது. குழந்தைக்குப் பயன்படாத பொருளைத் தாய் கொடுக்கிறாள் என்று நாம் எண்ணியது தவறு. குழந்தைக்குக் காவலாக இருப்போருக்கு அவள் படியளக்கிறாள்.

நுண்ணுயிர் என்ற சொல்லைக் கேட்டவுடன் காலராவும் காசநோயும் நம் நினைவுக்கு வருகின்றன. பிணி செய்யும் கிருமிகளைப் பற்றியே நாம் முதலில் கற்றோம்; ஆதலின் அவ்வெண்ணம் இயல்பே. ஆனால் நம்முள் வாழும் நுண்ணுயிர்களில் அத்தகைய கொடியவை மிகச் சிலவே. 70 கிலோ எடையுள்ள ஓர் இளைஞனின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கு மதிப்பிட்டது. அவனுடைய சொந்த உயிரணுக்களோ ஏறத்தாழ 30 லட்சம் கோடி. எண்ணிக்கையில் இரு சாராரும் ஏறக்குறைய நிகர். எடையில் மட்டும் வேற்றுமை பெரிது. அத்தனை பாக்டீரியாக்களையும் ஒன்றுதிரட்டித் தராசில் இட்டால் 200 கிராம் அளவே நிற்கும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருக்கின்றன.

இக்குடியிருப்போர் அங்கே செய்யும் தொழில் யாது? நாம் உண்ணும் கீரையிலும் பருப்பிலும் தவிட்டிலும் காய்களிலும் நார்ப்பொருள் இருக்கிறது. அதைச் செரிக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. சிறுகுடல் தன்னால் இயன்றதை எடுத்துக்கொண்டு எஞ்சியதைப் பெருங்குடலுக்கு அனுப்புகிறது. காற்று புகாத அவ்விடத்தில் நுண்ணுயிர்கள் அந்நாரைப் புளிக்கச் செய்கின்றன. அப்போது அசிட்டிக் அமிலம், புரோப்பியோனிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் ஆகிய மூன்றும் உண்டாகின்றன. இவை கழிவுகள் என்று முற்காலத்தில் கருதப்பட்டிருக்கலாம். நமக்கோ இவை உணவு. வெண்ணெயின் பெயரைத் தன் பெயரில் கொண்ட பியூட்டிரிக் அமிலமே பெருங்குடலின் உட்சுவரை ஆக்கும் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். மற்றவை குருதியில் கலந்து கல்லீரலையும் பிற உறுப்புகளையும் அடைகின்றன. நமக்கு நாள்தோறும் வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு வரை இவ்வழியில் கிடைக்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாம் எறிந்துவிட்ட சக்கையிலிருந்து நமக்கே சோறு ஆக்கித் தரும் சமையற்காரர் இவர்கள் எனலாம்.

உண்ட உணவு ஆற்றலாகவும் தசையாகவும் கொழுப்பாகவும் மாறுவதையும், உடலில் சேர்ந்தவை மீண்டும் சிதைந்து பயன்படுவதையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்று கூறுவர். அது நம் உயிரணுக்கள் மட்டும் தனித்து நடத்தும் தொழில் என்றே நெடுங்காலம் கருதிவந்தோம். அதில் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு என்று எப்படி மெய்ப்பிப்பது? ஒரு வீட்டில் ஒரு வேலையாளின் பங்கு எவ்வளவு என்பது அவர் இல்லாத நாளில்தான் தெரியும். விஞ்ஞானிகள் மேற்கொண்ட வழியும் அதுவே.

நுண்ணுயிர் சிறிதும் இல்லாமல் ஒரு விலங்கை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை லூயி பாஸ்டர் 1885-இல் வெளியிட்டார். அத்தகைய விலங்கு உயிர் வாழாது என்பது அவருடைய ஊகம். பத்தாண்டுகள் கழித்து, 1895-இல், பெர்லின் நகரத்தில் நட்டல், தீர்ஃபெல்டர் என்னும் இருவர், தாயின் வயிற்றை அறுத்தெடுத்த கினிப்பன்றிக் குட்டி ஒன்றைத் தூய காற்றும் தூய உணவும் தந்து, கிருமியற்ற பெட்டியில் எட்டு நாட்கள் வளர்த்துக் காட்டினர். பிற்காலத்தில் எலிகளைத் தலைமுறை தலைமுறையாக இவ்வாறு வளர்க்கவும் வழி பிறந்தது. பாஸ்டரின் ஊகம் பொய்த்தது. ஆயினும் முழுதும் பொய்த்தது என்று சொல்வதற்கில்லை. அவ்வெலிகளின் உணவில் கே வைட்டமினைச் சேர்க்காவிட்டால் குருதி உறையாமல் அவை வருந்தின. ஏனெனில் அவ்வைட்டமினின் ஒரு வகையை ஆக்கித் தரும் நுண்ணுயிர்கள் அவற்றின் குடலில் இல்லை. மேலும், அவை மற்ற எலிகளை விட மிகுதியாகத் தின்றும் மெலிந்தே இருந்தன.

இந்த மெலிவைப் பற்றிய ஒரு தெளிவான சோதனை 2004-இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் என்பவரின் குழுவினர் அதனைச் செய்தனர். கிருமியற்ற சுண்டெலிகளின் குடலில், இயல்பாக வளர்ந்த சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிர்களைக் குடியேற்றினர். பதினான்கே நாட்களில் அவற்றின் உடற்கொழுப்பு 60 சதவிகிதம் உயர்ந்தது. அந்நாட்களில் அவை முன்னைவிடக் குறைவாகவே தின்றன என்பதை நீங்கள் கருத்திற் கொள்ள வேண்டும். தீனி குறைந்தது, கொழுப்பு கூடியது. குடியேறிய நுண்ணுயிர்கள் தீனியிலிருந்து கூடுதலான ஆற்றலைப் பிழிந்தெடுத்ததோடு, அதனைக் கொழுப்பாகச் சேமித்து வைக்குமாறு எலியின் உடலையே தூண்டின என்பது தெரியவந்தது.

எலிக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மையாகுமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எலி மனிதனல்ல என்பதை ஒருபோதும் மறக்கலாகாது. ஆகவே மனிதரிடையே கண்ட ஒரு செய்தியைச் சொல்கிறேன். அது நம் வேலூரில் நிகழ்ந்தது.

காலரா நோயாளியின் உடலிலிருந்து நீரும் உப்பும் வெள்ளம் போல வெளியேறுகின்றன. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து உயிரைக் காக்கிறோம். சர்க்கரை சிறுகுடலில் உட்கொள்ளப்படும்போது உப்பும் நீரும் அதனுடன் உட்செல்லும் என்பதே அதன் அடிப்படை. அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் பேதி ஓடும் காலத்தை அது குறைப்பதில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். இராமகிருஷ்ணா என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் பெருங்குடலின் பக்கம் தம் எண்ணத்தைச் செலுத்தினர். நுண்ணுயிர்கள் ஆக்கும் அமிலங்கள் பெருங்குடலில் உட்கொள்ளப்படும்போது உப்பும் நீரும் உடன் செல்லுமன்றோ? அவ்வாறாயின், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுப்பொருளை அந்நீரில் கலந்து கொடுத்தால், அது பெருங்குடலை அடைந்து, நுண்ணுயிர்களுக்கு உணவாகி, அமிலமாக மாறி, நீரை மீட்டுத் தரும் அல்லவா?

காலராவுற்ற 48 பேரை மூன்று பிரிவாக்கி அவர்கள் இதனைச் சோதித்தனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான நீர். மற்றொரு பிரிவினர்க்கு அரிசி மாவு கலந்த நீர். மூன்றாம் பிரிவினர்க்குச் செரிக்காத மக்காச்சோள மாவுப்பொருள் கலந்த நீர். வழக்கமான நீரைப் பருகியவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் பிரிவினர்க்கோ 57 மணி நேரமே ஆயிற்று. இம்முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயாளிக்குச் செரிக்காத ஒன்று, நோயாளியினுள் இருப்பவர்க்கு உணவாகி, நோயாளிக்கே நலம் செய்தது. தாய்ப்பாலில் இயற்கை செய்திருந்ததை ஒத்த செயலை இங்கே மருத்துவர் செய்தனர்.

இனி, இவ்வாராய்ச்சியில் என் உள்ளத்தை மிகவும் தொட்ட பகுதிக்கு வருகிறேன். அது பசியால் வாடும் குழந்தைகளைப் பற்றியது.

ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், உடல் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, சோர்ந்து கிடக்கும் குழந்தைகளைக் கண்டார். 1933-இல் அந்நோயை விவரித்தார்; 1935-இல் அவ்வூர் மக்கள் அதற்கு வழங்கிய குவாஷியோர்க்கர் என்னும் பெயரை உலகுக்கு அறிவித்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தையைப் பற்றும் நோய் என்பது அப்பெயரின் கருத்து. தாய்ப்பால் நின்று, வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் வளர நேர்ந்த குழந்தைகளையே அந்நோய் பற்றியது. உணவில் உள்ள குறையே அதன் காரணம் என்று கூறப்பட்டது. அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் ஒரு புதிர் எஞ்சி நின்றது. ஒரே வீட்டில், ஒரே கஞ்சியைக் குடித்து வளரும் இரு குழந்தைகளுள் ஒன்று நலமாயிருக்க, மற்றொன்று மட்டும் நலிவது ஏன்?

இப்புதிரை ஆராய, கார்டன் குழுவினர் மலாவி நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து 317 இரட்டைக் குழந்தைச் சோடிகளை அவர்களுடைய மூன்று வயது வரை கவனித்துவந்தனர். அதன் முடிவுகள் 2013-இல் வெளியாயின. பாதிச் சோடிகளில் இருவரும் நலமாக இருந்தனர். நூற்றுக்கு 7 சோடிகளில் இருவரும் நலிந்தனர். நூற்றுக்கு 43 சோடிகளிலோ, ஒரு குழந்தை மட்டுமே நலிந்தது. தாய் ஒருத்தி, குடிசை ஒன்று, கஞ்சியும் ஒன்று. வேறுபட்டது எது?

அத்தகைய சில சோடிகளின் குடல் நுண்ணுயிர்களை எடுத்து, கிருமியற்ற சுண்டெலிகளுக்குள் தனித்தனியே குடியேற்றி, அவற்றிற்கு மலாவி நாட்டு உணவையே கொடுத்தனர். குவாஷியோர்க்கர் உற்ற குழந்தையின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள் மிகவும் எடை குறைந்தன. நிலக்கடலையும் பாற்பொடியும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த மருத்துவ உணவைக் கொடுத்தபோது அவை தேறின. பழைய உணவுக்குத் திரும்பியதும் அத்தேற்றம் நிலைக்கவில்லை. நுண்ணுயிர் மட்டும் காரணமன்று. உணவு மட்டும் காரணமன்று. இரண்டும் கூடிய இடத்திலேயே கேடு விளைந்தது என்பது இதனால் புலனாயிற்று.

அடுத்த ஆண்டு, 2014-இல், வங்காளதேசத்தின் தலைநகராகிய டாக்காவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. நலமுள்ள குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் பிறந்தது முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை ஒரு முறைப்படி மாறிக்கொண்டே வருகிறது. பால் குடிக்கும் பருவத்துக் குடிகள் குறைய, சோறு உண்ணும் பருவத்துக் குடிகள் பெருகுகின்றனர். பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பது போல், இக்கூட்டத்தைப் பார்த்துக் குழந்தையின் வயதைக் கணித்துவிடலாம். கடுமையான ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளை இவ்வாறு கணித்தபோது, அவர்களுடைய நுண்ணுயிர்க் கூட்டம் அவர்களினும் இளமையாகவே நின்றுவிட்டது தெரிந்தது. குழந்தைக்கு வயது ஏறியிருக்கிறது, குடலுக்கு ஏறவில்லை. மருத்துவ உணவு அக்குழந்தைகளின் உயிரைக் காத்தது. ஆனால் பின்தங்கிய கூட்டத்தை அது முழுமையாக முன்னேற்றவில்லை. உணவு கொடுத்து உயிர் மீட்ட குழந்தைகள் பலர், பின்னரும் குட்டையாகவும் எடை குறைந்தும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதினர்.

அவ்வாறாயின், குழந்தைக்கும் குழந்தையின் நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே உணவு சமைத்தால் என்ன? வங்காளதேசத்து மருத்துவர் தஹ்மீத் அகமதும் கார்டனும் தம் குழுவினருடன் இம்முயற்சியில் இறங்கினர். வளர்ந்த கூட்டத்தில் காணப்படும் நுண்ணுயிர்களைப் பெருக்கும் உணவுப் பொருள்கள் எவை என்று விலங்குகளில் முதலில் சோதித்தனர். இறுதியில் அவர்கள் தெரிந்தெடுத்தவை எவை தெரியுமா? கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, பச்சை வாழைக்காய். அயல்நாட்டிலிருந்து வரவழைத்த அரும்பொருள் ஒன்றும் அவற்றில் இல்லை. ஏழை எளியவரின் கடைத்தெருவில் கிடைப்பவையே.

டாக்காவின் மீர்ப்பூர்ச் சேரிப்பகுதியில், 12 முதல் 18 மாதம் வரை வயதான, ஊட்டம் குறைந்த 123 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு இப்புதிய உணவையும் மற்றவர்க்கு வழக்கமான துணையுணவையும் நாளைக்கு இருவேளை, மூன்று மாதங்கள் கொடுத்தனர். புதிய உணவில் கலோரி குறைவு. இருந்தும் அதனை உண்ட குழந்தைகளே உயரத்துக்கேற்ற எடையில் விரைவாக முன்னேறினர். எலும்பு வளர்ச்சியோடும் நரம்பு வளர்ச்சியோடும் தொடர்புடைய சில புரதங்களும் அவர்கள் குருதியில் உயர்ந்தன. இது 2021-இல் வெளியான முடிவு. முன்னேற்றத்தின் அளவு பெரிதன்று, சோதனையும் சிறிது. எனினும், ஒரு குழந்தைக்கு எத்தனை கலோரி கொடுத்தோம் என்பதோடு கணக்கு முடிந்துவிடவில்லை என்பதை அது காட்டிவிட்டது. கொடுத்ததை உள்ளே பெற்றுக்கொள்வோர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

மாணவ நண்பர்களே, இத்துறை இளையது. இளைய துறைக்கு இரு ஆபத்துகள் உண்டு. ஒன்று, அதனைக் கேளாமல் விடுவது. மற்றொன்று, அதன் பேரால் எதையும் நம்பிவிடுவது. உடற்பருமன், நீரிழிவு முதலிய நோயுடையாரின் குடல் நுண்ணுயிர்கள் மற்றவரினும் வேறுபட்டிருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் வேறுபாடு வேறு, காரணம் வேறு. நோயினால் நுண்ணுயிர் மாறியதா, நுண்ணுயிர் மாறியதால் நோய் வந்ததா, இரண்டையும் உணவுதான் மாற்றியதா என்று பிரித்தறிவது எளிதன்று. இரட்டையரையும் கிருமியற்ற எலிகளையும் தேடி விஞ்ஞானிகள் அலைந்தது இதற்காகவே. இவ்வகைச் சோதனையைக் கடவாத ஒரு மாத்திரையை, குடலைச் சீராக்கி எல்லாப் பிணியும் தீர்க்கும் என்று யாரேனும் விளம்பரம் செய்தால், சான்று எங்கே என்று கேளுங்கள்.

பசித்த குழந்தைக்கு முதலில் வேண்டுவது போதிய உணவு, தூய நீர், தடுப்பூசி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகும் உணவோடு தாய்ப்பால். நுண்ணுயிர் ஆராய்ச்சி இவற்றுள் ஒன்றையும் தள்ளிவைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் புதிய காரணம் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. நமக்கும் அது சொல்லும் நெறி கடினமானதன்று. கீரை, பயறு, காய், முழுத் தானியம் ஆகியவை நாள்தோறும் இலையில் இடம் பெறட்டும். கிருமிக்கொல்லி மருந்துகள், வேண்டியபோது உயிர் காப்பவை. மருத்துவர் சொல்லாமல் அவற்றை வாங்கி விழுங்கினால், பகையோடு உறவையும் அழித்துவிடும்.

குழந்தைகள் வாட்டமின்றி வளர ஒரு நாடு எவ்வளவு உணவு விளைக்க வேண்டும் என்று கணக்கிடுவோர் பலர் இருக்கிறார்கள். அவ்வுணவு குழந்தையின் உடலில் சேர்வதற்கு உள்ளே யார் யார் துணை நிற்க வேண்டும் என்று ஆராய்வோர் இன்னும் பலர் வேண்டும். வேலூரிலும் டாக்காவிலும் தொடங்கிய அப்பணிக்கு, இதைக் கேட்கும் உங்களுள் சிலரேனும் முன்வருவீர்கள் என்று நம்புகிறேன்.